டென்ஷனுக்கு ஒரு தம்?

'ஒரு தம் போட்டாத்தான் மச்சான் படிப்பே மண்டையில ஏறும்!' - செமஸ்டர் நேரத்துல எந்த ஹாஸ்டலுக்குப் போனாலும் இந்த டயலாக் காதுல விழும். என் ரூம்மேட்டுக்கு இது தினசரி சுப்ரபாதம். சும்மா சாக்கு சொல்றான்னு மத்தவங்க கிண்டலடிப்பாங்க. பார்மஸி படிக்கிறவன் கணக்குல சொல்றேன்... அவன் சொல்றதுல பாதி நிஜம்!

புகையை இழுத்த 10, 20 விநாடியில நிகோடின் மூளைக்குப் போயிடும். அங்கே நரம்பு செல்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்க அசிட்டைல்கோலின்னு ஒரு ரசாயனம் இருக்கு. அது வந்து உட்கார ரிசப்டர்ங்கற நாற்காலிகளும் இருக்கு. நிகோடின் கூச்சமே இல்லாம அந்த நாற்காலியில உட்கார்ந்துக்கும். உடனே டோபமைன் சுரக்கும். ஜிவ்வுனு இருக்கும், கவனமும் கொஞ்சம் கூடும். கூடவே அட்ரினலினும் எகிறும். 'ரிலாக்ஸ் ஆயிட்டேன்'னு சொல்றவனோட நாடியைப் பிடிச்சுப் பாருங்க, படபடன்னு அடிக்கும்!

தினமும் ஊத ஊத, மூளை அந்த நாற்காலிகளை அதிகமாக்கிடும். ரத்தத்துல இருக்கிற நிகோடினோ சுமார் 2 மணி நேரத்துல பாதியாகிடும். காலி நாற்காலியெல்லாம் 'எங்கடா ஆளு?'ன்னு கத்த ஆரம்பிக்கும். எரிச்சல் வரும், புத்தகத்துல மனசு நிக்காது. அடுத்த தம் அடக்குறது பெரும்பாலும் இந்த எரிச்சலைத்தான். பரீட்சை டென்ஷன் அப்படியே இருக்கும். (இதுல, மூளையோட முன்பகுதி 25 வயசு வாக்குல வரைக்கும் வளர்ந்துக்கிட்டே இருக்காம். நம்ம வயசுல பழக்கம் சுலபமா ஒட்டிக்கறது சும்மா இல்லை.)

டீக்கடையில இதையெல்லாம் விளக்கினப்போ, 'உனக்கு இன்டர்னல் மார்க் வரட்டும் விடு'ன்னு சிரிச்சான். மூணு வாரத்துக்கு முன்னாடி அவங்க அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஸ்டென்ட் வெச்சாங்க. ஐ.சி.யூ. வாசல்ல டாக்டர் பேசிட்டிருக்கும்போதே இவன் கை சட்டைப் பாக்கெட்டைத் தடவுச்சாம். 'அப்பாவைப் பத்தி நினைக்காம எதைடா தேடுறேன்'னு அவனுக்கே பயமாயிடுச்சு. அன்னிக்கே தூக்கிப் போட்டுட்டான்.

மூணாவது நாள் மெஸ்ல என் மேல தட்டை எறியாத குறை. முதல் ரெண்டு, மூணு நாள்தான் உச்சம், ரெண்டுலேர்ந்து நாலு வாரத்துல தணியும்னு புத்தகத்துல இருக்கு. அதிகப்படியா முளைச்ச நாற்காலிகள் பழைய கணக்குக்கு வர ரெண்டு, மூணு மாசம்கூட ஆகலாம். அரசாங்கத்தோட இலவச ஹெல்ப்லைன் 1800-11-2356-ஐ அவன் கட்டிலுக்கு மேல சுவத்துல எழுதி வெச்சிருக்கேன். ஒரு தடவை பேசினான்.

நேத்து ராத்திரி 2 மணிக்கு என்னை உலுக்கி எழுப்பி, 'கடலை மிட்டாய் இருக்கா?'ன்னான். இருந்த ரெண்டையும் குடுத்துட்டேன்.