ஜிப்சிக்கு இரண்டு இஞ்ச்

பிப்ரவரி 8, 2025, சனி

சென்னையில் கப்பல் ஏறிய பெட்டிகள் அந்தமானின் ஹாடோ துறைமுகத்திலிருந்து ஒருவழியாக டாலிகஞ்ச் வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்டன. பட்டை ஸ்பிரிங் கட்டு நான்கு, ஷாக் அப்சார்பர் நான்கு, யூ போல்ட்டுகள், புஷ்கள், ஒரு ஜோடி நீளமான சேக்கிள். இவ்வளவு இரும்பை விமானத்தில் போட்டால், வண்டியை உயர்த்தும் இந்த லிஃப்ட் கிட்டின் விலையைவிடக் கூலி அதிகமாகும். இந்தத் தீவில் வண்டி வைத்திருப்பவனுக்கு முதலில் வேண்டியது ஸ்பேனர் அல்ல, பொறுமை.

வண்டி, ஏலத்தில் எடுத்த பழைய மாருதி ஜிப்சி. 2019இல் தயாரிப்பே நின்றுபோன வண்டி. முன்னும் பின்னும் இரு சக்கரங்களையும் இணைக்கும் முழு ஹவுசிங், நான்கு பக்கமும் பட்டை. வீட்டு முற்றத்தில் லிஃப்ட் கிட் போட இதைவிடச் சுலபமான வண்டி இந்தியாவில் இல்லை என்பது என் கட்சி. புதிய தார் வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வரலாம். காயில் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி, முன்சக்கரக் கோணத்தைச் சரிபார்க்கும் எந்திரம் எல்லாம் அவர்கள் வீட்டில் இருந்தால் பேசலாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

எதையும் கழற்றுவதற்கு முன் அளந்தேன். சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை, நான்கு மூலையிலும். வலது பின்பக்கம் மற்றவற்றைவிட ஒரு விரல்கடை தாழ்ந்திருந்தது. பட்டைகள் வளைவு போய்க் கிட்டத்தட்ட நேராகக் கிடக்கின்றன.

வயது மட்டும் காரணமல்ல. வண்டூர் பக்கம் உள்ள எங்கள் பாக்குத் தோட்டத்துக்குச் சிப்பிகாட் வழியாகப் போக வேண்டும். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் அமிழ்ந்தது; வடக்கு அந்தமானில் தரை மேலே எழும்பியது. சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்கள் உப்புநீர்க் காயலாகிவிட்டன. தோட்டத்துக்குத் திரும்பும் மண்பாதையிலும் பௌர்ணமி, அமாவாசை ஓதத்தில் கடல்நீர் ஏறும். அந்த நீர் பட்டைகளின் இடுக்கில் புகுந்து தங்கும். துரு அரித்த குழியிலிருந்துதான் பட்டையில் விரிசல் தொடங்கும். பின்பக்க மூன்றாம் பட்டையில் அப்படி ஒரு கீறல் இருந்தது.

பிப்ரவரி 15, சனி

உதவிக்கு வந்தவர் கராச்சரமாவில் பட்டறை வைத்திருந்த அண்ணன். இப்போது பட்டறையை மகன் பார்க்கிறான். வந்ததும் பெட்டியைப் பிரித்து, நீள சேக்கிளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

“இது வேண்டாம் தம்பி. பட்டையே உயரம் கொடுக்கும். இதையும் போட்டா ஸ்டியரிங் ஊசலாடும்.”

அவர் சொன்னது சரி. ஜிப்சியின் முன்பட்டைக்கு, அதைச் சேசிஸோடு இணைக்கும் சேக்கிள் முன்முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் முன்முனை இறங்கி, ஹவுசிங் முன்பக்கமாகக் கவிழும். கேஸ்டர் கோணம் குறையும். திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. வேகத்தில் வண்டி ரோட்டைத் தேடும். மலிவாக உயரம் வேண்டும் என்பவர்கள் முதலில் தொடுவது இந்தச் சேக்கிளைத்தான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கழற்றும் நாள். வேலை என்றால் இதுதான் வேலை; மாட்டுவது எல்லாம் விளையாட்டு.

முற்றம் மண்தரை. ஸ்டாண்டு புதையாமல் இருக்கப் பழைய படாக் பலகைத் துண்டுகளை அடியில் போட்டோம். மெயின்லேண்டில் பூஜை அறைக் கதவுக்குத் தேடும் மரம், இங்கே ஜாக்கிக்கு அடியில் கிடக்கிறது. ஸ்டாண்டு நிற்க வேண்டியது சேசிஸுக்கு அடியில். ஹவுசிங்கை ஜாக்கி தாங்க வேண்டும், அப்போதுதான் அதை ஏற்றி இறக்கி வேலை செய்ய முடியும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை.

முந்தின ராத்திரியே எல்லா நட்டுகளிலும் டீசல் ஊற்றி ஊறவைத்திருந்தோம். யூ போல்ட் நட்டுகள் முனகிக்கொண்டே வந்தன. பட்டைக் கண் போல்ட்டுகள் அசையவில்லை. புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழலும் போல்ட்டும் துருவால் ஒன்றாகிப்போயிருந்தன. ஸ்பேனர் திருப்பினால் ரப்பர் முறுகுகிறது, போல்ட் நகரவில்லை. முன்பக்கம் கிரைண்டரால் அறுத்தோம். பின்பக்கம் பெட்ரோல் டேங்கு. பொறி பறக்கக் கூடாது. ஆக்சா பிளேடுதான். இடையில் கரண்ட் போனதால் முன்பக்கத்தின் கடைசி போல்ட்டுக்கும் கையே கதி.

பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடவே கூடாது. ஒருமுறை முறுக்கும்போதே அது நீண்டுவிடுகிறது. இரண்டாம் முறை அதே பிடி கிடைக்காது. கிட்டில் வராவிட்டாலும் தனியாக வாங்க வேண்டிய பொருள்.

பிப்ரவரி 22, சனி

புதுப் பட்டைகள் ஏறின. சென்டர் போல்ட்டின் தலை ஹவுசிங்கின் குழியில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்தார் அண்ணன். அது ஒரு நூல் தள்ளினாலும் ஹவுசிங் கோணலாக நின்று, வண்டி நண்டு மாதிரி போகும். கண் போல்ட்டுகளையும் சேக்கிள் போல்ட்டுகளையும் கையளவுக்கு மட்டும் முறுக்கினோம். வண்டி தரையில் இறங்கி, தன் கனத்தில் நின்ற பிறகுதான் இறுதி முறுக்கு. தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடிபடும். தரைக்கு வந்ததும் முறுகி, சீக்கிரம் கிழியும்.

சக்கரத்தைத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸைப் பார்த்தோம். முன்பக்கம் விறைத்த வீணைக் கம்பியாக இருந்தது. நீளமான ஹோஸ் போட்டு, பிரேக் ஆயில் விட்டுக் காற்று எடுத்தோம். ஜாயின்ட் ராடின் கோணம் கூடியிருக்கிறது, ஆனால் இரண்டு இஞ்சுக்குத் தாங்கும். நான்கைந்து இஞ்ச் ஏற்றுபவர்களுக்கு இங்கேதான் செலவு ஆரம்பிக்கும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மறுபடி அளந்தேன். மூன்று இஞ்ச் ஏறியிருக்கிறது. கிட் சொன்னது இரண்டு. மிச்சம் ஒன்று, உப்பும் காலமும் தின்ற கம்பெனி உயரம். ஆகவே, பட்டை தொய்ந்த பழைய வண்டிக்காரர்கள் கிட்டுக்கு அலையும் முன், கம்பெனி அளவில் புதுப் பட்டை மட்டும் போட்டுப் பார்க்கலாம். பாதிப் பேருக்கு அதுவே போதும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. வண்டி ஏறியது, ஹவுசிங் ஏறவில்லை. சக்கரத்தின் நடுமையம் எந்த உயரமோ அதுதான் ஹவுசிங்கின் உயரம். அதை உயர்த்தப் பெரிய டயரால்தான் முடியும். ஓதநீரில் இறங்கினால் ஹப் பேரிங்கும் டிஃபரென்ஷியலும் முன்பு எவ்வளவு நனைந்தனவோ அவ்வளவு நனையும். உயர்ந்தது பாடியும் பம்பரும்தான்.

ராத்திரி சுவரில் வெளிச்சம் அடித்து ஹெட்லைட்டைத் தாழ்த்தினேன். இல்லாவிட்டால் எதிரே வருபவன் கண்ணுக்கு நான்தான் எமன்.

மார்ச் 1, சனி

அமாவாசை கழிந்த வற்றம். சாத்தாமிலிருந்து வண்டிப் படகில் பாம்பூஃபிளாட் போனேன். வற்றத்தில் படகு தாழ்ந்துவிடும்; துறைச் சரிவும் படகின் பலகையும் சேரும் இடம் மடங்கி நிற்கும். பழைய உயரத்தில் அங்கே பின் கொக்கி உரசும். இன்று உரசவில்லை. இந்தக் கிட்டின் நிஜமான லாபம் இதுதான். காட்டுப் பாதைகூட இரண்டாம் பட்சம்.

வளைவுகளில் சாய்வு கூடியிருக்கிறது. குட்டை வண்டி, அகலம் குறைவு, கனம் மேலே போய்விட்டது. ஹாரியட் மலைப் பாதையில் கியரைக் குறைத்து மெதுவாகவே இறங்கினேன்.

மார்ச் 5, புதன்

சட்டத்தையும் எழுதி வைக்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பட்டை தேய்மானப் பொருள், மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் கூடுதல் இரண்டு இஞ்ச் கேள்விக்கு உரியது என்பதை மறைக்க மாட்டேன். டயரைக் கம்பெனி அளவிலேயே விட்டேன். பழைய பட்டைகளில் கீறல் விட்டதை மட்டும் கழித்து, மற்றதை வளைவு ஏற்றிக் கிரீஸ் தடவி வைத்திருக்கிறேன். மறுபதிவுச் சோதனையில் ‘இறக்கு’ என்றால் இறக்கிவிடலாம்.

மார்ச் 16, ஞாயிறு

குழாயில் தண்ணீர் தினமும் வருவதில்லை. தனிகாரி அணை வற்றும் காலம். ஆனாலும் தோட்டத்திலிருந்து திரும்பினால் இரண்டு குடம் நல்ல தண்ணீர் வண்டியின் அடிவயிற்றுக்குத்தான். வீட்டில் முணுமுணுப்பு உண்டு.

இன்று வண்டிக்கு அடியில் படுத்து யூ போல்ட் நட்டுகள் அத்தனையையும் மறுபடி முறுக்கினேன். எல்லாமே கொஞ்சம் இடம் கொடுத்தன, ஒன்று கால் சுற்று ஏறியது. புதுப் பட்டைகள் அமர்ந்து படிவதால் இப்படி ஆகும். கிட் போடுபவர்கள் வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் சில நூறு கிலோமீட்டருக்குள் இந்த மறுமுறுக்கைத் தள்ளிப்போடாதீர்கள். ஹவுசிங்கைப் பட்டையோடு பிடித்து வைத்திருப்பவை அந்த நட்டுகள்தான்.