சஹனில் என் பக்கம்

எங்கள் குடும்பத்துக் கலியாணங்களில் சஹனுக்கு ஆள் சேர்க்கும்போது என்னைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். "மச்சான், இங்கால வாங்க" என்று நாலு பக்கத்திலிருந்தும் சத்தம் வரும். மரியாதைக்காக அல்ல. ஆறு பேர் சுற்றியிருக்கிற சஹனில் நான் ஒருவன் இருந்தால் அது துடைத்த மாதிரிக் காலியாகும். சோறு மிஞ்சி வீட்டுக்காரரின் முகம் வாடாது. ஊருக்கே தெரிந்த சங்கதி இது. அதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது?

2023 ஜனவரியில் கொழும்பில் என் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டியெடுத்தார்கள். அதன்பிறகு நான் உட்கார்ந்த முதல் சஹனைப் பற்றி எழுதலாம் என்றுதான் தொடங்கினேன். ஆனால் உம்மாவைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது போலிருக்கிறது. உம்மாவுக்கு முன்னால் என் மூச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்போது என் நிறை 128 கிலோ. உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். பிறந்தது மூதூர் என்றாலும் கலியாணம் முடித்து வந்த வீடு திருகோணமலையில், உட்துறைமுக வீதிக்குக் கிட்ட. வாசலால் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் தண்ணீருக்கு அப்பால் சீனன்குடாப் பக்கத்து மாவு ஆலையின் விளக்குகள் தெரியும். கந்தோர் பத்து நிமிட நடை. அந்தப் பத்து நிமிடத்துக்கும் ஓட்டோ பிடிப்பேன். சீனி வருத்தத்துக்குக் காலையும் மாலையும் இன்சுலின். இதெல்லாம் எங்கள் பக்கத்தில் புதினமில்லை. ஐம்பதைத் தாண்டிய நாலு பேர் ஓரிடத்தில் நின்றால் பேச்சு 'உங்களுக்கு எத்தனை?' என்றுதான் தொடங்கும்.

ஒரு நாள் சுபஹுக்குப் பிறகு மனைவி சொன்னாள்: "உங்கட குறட்டைக்கு நான் பழகிட்டன். குறட்டை நிண்டாத்தான் நித்திரை வாரதில்ல. அடுத்த மூச்சு வருமட்டும் உங்கட நெஞ்சையே பாத்துக்கொண்டிருப்பன்."

எத்தனை வருஷமாக என்று நான் கேட்கவில்லை. வயிற்றை மூன்றாகப் பங்கிட்டு ஒன்றைச் சாப்பாட்டுக்கும் ஒன்றைத் தண்ணீருக்கும் ஒன்றை மூச்சுக்கும் விடச் சொல்கிற ஹதீஸை மதரஸாவில் ஓதின நாளிலிருந்தே அறிவேன். பிறருக்குச் சொல்லியும் இருக்கிறேன், சஹனைத் துடைத்துவிட்டு ஏப்பம் விட்டபடி. மூச்சுக்குரிய பங்கையும் சேர்த்துத் தின்றிருக்கிறேன் என்பது அன்று காலையில்தான் உறைத்தது.

டொக்டர் ஒரு கடதாசியில் இரைப்பையைக் கீறிக் காட்டினார். இடப்பக்கமாகப் புடைத்துக்கொண்டிருக்கிற பகுதி முழுவதையும் எடுத்துவிட்டு, சட்டைக் கை மாதிரி ஒரு ஒடுங்கிய குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். அதனால்தான் அதற்கு ஸ்லீவ் என்று பெயர். இந்த வைத்தியத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பதை அவர் சொன்னபோது ஆச்சரியமாக இருந்தது. அந்தக் காலத்தில் வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டிவிடுவது வழக்கம். அப்படி வெட்டப்பட்டவர்கள் பிறகு உடம்பு வைக்காமல் மெலிந்தே இருந்ததை அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் கவனித்தார். அதிலிருந்துதான் 1966 இல் உடல் பருமனுக்கான முதல் இரைப்பை பைபாஸ் ஒப்பரேஷனைச் செய்தார். ஸ்லீவ் அதற்கு வெகுகாலம் பிந்தி வந்தது. வெட்டியெறிகிற அந்தப் புடைப்பில்தான் கிரெலின் என்கிற பசிச் சுரப்பு அதிகம் ஊறுகிறதாம். ஜப்பானியர்கள் அதைக் கண்டுபிடித்ததே 1999 இல்தான். வயிறு சுருங்குவது மட்டுமல்ல, பசியும் கொஞ்சக் காலம் ஊமையாகிவிடும் என்றார் டொக்டர். 'கொஞ்சக் காலம்' என்ற சொல்லை நான் அப்போது கவனிக்கவில்லை.

உம்மாவிடம் சொல்லவில்லை. கந்தோர் வேலையாகக் கொழும்பு போகிறேன் என்று மூதூருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். இந்த வயதில் பெற்ற தாயிடம் பொய்.

வந்து இரண்டு கிழமைக்குத் தண்ணீராகாரம் மட்டும். பிறகு இரண்டு கிழமை அரைத்தது, வடித்தது. பசி வரவில்லை, அது உண்மை. தாகம்தான் வாட்டியது. திருகோணமலை வெயிலில் வெளியே போய்வந்து ஒரு கிளாஸ் தண்ணீரை மடக்கு மடக்கென்று குடிக்கிற சுகம் இருக்கிறதே, அது போய்விட்டது. இன்றைக்கும் இல்லை. ஒரு மிடறு, நிறுத்தம், இன்னொரு மிடறு. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான். ஒரு நாளைக்கு ஒன்றரை லீற்றரை இப்படி மிடறு மிடறாக உள்ளே அனுப்ப வேண்டும் என்றால், விழித்திருக்கிற நேரமெல்லாம் அதுவே ஒரு வேலை. கையில் போத்தல் இல்லாமல் நான் எங்கும் போனதில்லை.

அந்த வருஷத்து நோன்பு இரண்டு மாதத்தில் வந்துவிட்டது. முதல் வருஷம் நோன்பு பிடிக்கவே கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மஃரிபுக்கும் சஹருக்கும் இடையில் அவ்வளவு தண்ணீரை உள்ளே அனுப்ப என் வயிற்றால் ஏலாது. பத்து வயதிலிருந்து விடாத நோன்பு. கந்தோரில் தமிழரும் சிங்களவரும் என் கண்ணில் படாமல் தேநீர் குடிக்க ஒதுங்குவார்கள். நானோ லாச்சியைத் திறந்து போத்தலை எடுத்து ஒரு மிடறு குடித்துவிட்டு மூடுவேன். "சேர், நோன்பில்லையா?" என்று ஒரு பிள்ளை கேட்டே விட்டாள். வருத்தம் என்றேன். எல்லாரையும் விட அதிகம் தின்றவனுக்கு வந்த வருத்தம் என்று சொல்லவில்லை.

வேடிக்கை என்னவென்றால் அப்போது என் வயிறு ஏற்றுக்கொண்ட ஒரே சாப்பாடு நோன்புக் கஞ்சிதான். அஸருக்குப் பிறகு மகள் தூக்குவாளியைக் கொண்டுபோய்ப் பள்ளியில் வாங்கிவருவாள். வெந்தயமும் உள்ளியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து குழைந்த கஞ்சி. இறைச்சித் துண்டை அதுக்கி எடுத்துவிட்டுக் கரண்டி கரண்டியாக. ஊரில் நோன்பு பிடித்தவர்கள் எல்லாரும் ஒரு கோப்பை கஞ்சி குடித்து முடிய, நோன்பில்லாத நான் கால் கோப்பையோடு இஷா பாங்குமட்டும் உட்கார்ந்திருப்பேன்.

அந்த நோன்புப் பெருநாளில்தான் உம்மாவுக்குத் தெரிந்தது. பாலங்கள் வருமுன் துறைமுகத்திலிருந்து லாஞ்சியில் போவோம், கடற்காற்று பட்டு முகம் கொஞ்சம் தெளியும். இப்போது கிண்ணியாப் பாலம் வழியாக பஸ்ஸில் புழுதியோடு போய் இறங்கினேன். மூன்று மாதத்தில் இருபத்தைந்து கிலோ போயிருந்தது. முடி கொட்டத் தொடங்கியிருந்தது. உம்மா என் கையைப் பிடித்து மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். மனைவி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"வயித்த வெட்டினதா? நீயாப் போய்ச் சொல்லி வெட்டினதா?"

உம்மா குரலை உயர்த்தவில்லை. எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார்.

2006 ஆகஸ்டில் மூதூர்ச் சண்டையில் ஊர் முழுக்கக் கந்தளாய்க்கு ஓடியபோது உம்மா தங்கச்சியின் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நடந்தார். நான் கந்தளாய்க்குப் போய் அவர்களைத் தேடிப் பிடித்தபோது ஒரு பாடசாலைக் கட்டடத்தில், ஐந்து பேருக்கு ஒரு சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உம்மா தான் சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னார். பிள்ளைகள் எழும்பிப் போன பிறகு லஞ்ச் சீற்றில் ஒட்டியிருந்த பருப்பைச் சுண்டுவிரலால் வழித்து வாயில் வைத்ததை நான் கண்டேன். கண்டதை அவருக்குக் காட்டிக்கொள்ளவில்லை. 2021 இல் உரத்தைத் தடைசெய்து வயலெல்லாம் நோஞ்சானாய்ப் போனதையும், 2022 இல் கேஸுக்கும் பால்மாவுக்கும் ஊர் வரிசையில் நின்றதையும் பார்த்த கையோடு, மகன் காசு கொடுத்து வயிற்றை வெட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். நான் என்ன விளக்கம் சொல்வேன்? சொன்னேன்தான், மூச்சு நிற்கிறது, சீனி கண்ணைக் கெடுத்துவிடும் என்றெல்லாம். உம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நான் சமைச்சதுதான் நஞ்சாப் போச்சு" என்றார்.

அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

சஹனுக்கு வருகிறேன். அந்த வருஷம் செப்டம்பரில் தங்கச்சியின் மகளுக்குக் கலியாணம். நிறை 90க்கு வந்திருந்தது, இன்சுலின் நின்றிருந்தது, கந்தோருக்கு நடந்தே போய்வந்தேன். பந்தலில் யாரும் "மச்சான் இங்கால வாங்க" என்று கூப்பிடவில்லை. பலருக்கு ஆளையே மட்டுக்கட்ட முடியவில்லை. பெண்ணின் தாய்மாமன் சாப்பிடாமல் நிற்க முடியாது என்பதால் ஒரு ஓரச் சஹனில் ஆறாவது ஆளாகப் போய் உட்கார்ந்தேன்.

கை கழுவினோம். மூடியைத் தூக்கினார்கள். ஆவி முகத்தில் அடித்தது. பிஸ்மி சொல்லி எல்லாரும் கை வைத்தார்கள். நானும் வைத்தேன். மூன்றாவது வாயில் மூக்கு ஒழுகத் தொடங்கியது, பிறகு ஒரு தும்மல். என் வயிறு நிறைந்துவிட்டால் இப்போது ஏப்பமல்ல, தும்மல்தான் வரும். அதற்குமேல் ஒரு வாய் வைத்தால் நெஞ்சில் கல் மாதிரி இறுகி, வாயில் நுரை தள்ளும். கையை எடுத்தேன்.

சஹனில் ஒருவன் கையை எடுத்தால் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களின் கை தயங்கும். அவரவர் பக்கம் பள்ளமாகிக்கொண்டு வர, என் பக்கத்தில் மட்டும் சோறு மலையாக நின்றது. எதிரிலிருந்த இளம்பொடியன் ஒருவன் பசியோடு வந்தவன், வெட்கத்தில் கையை நக்கி முடிக்கப் பார்த்தான்.

எனக்கு வலப்பக்கத்தில் கறுத்து மெலிந்த ஒரு பெரியவர். அவர் என்னைப் பார்க்காமலே கையை நீட்டி என் பக்கத்து மலையைச் சரித்தார். கொஞ்சத்தை அந்தப் பொடியன் பக்கம் தள்ளினார், கொஞ்சத்தைத் தன் பக்கம் இழுத்தார். மெதுவாக என் காதோடு சொன்னார்: "கைய எடுக்காதீங்க மகன். சும்மாவெண்டாலும் பிசைஞ்சுகொண்டிருங்க. நீங்க எடுத்தா அவனும் எடுத்திருவான்."

பிசைந்துகொண்டிருந்தேன். சஹன் காலியானது.

கை கழுவுகிற இடத்தில் அவரைப் பிடித்தேன். எண்பதுகளில் வயிற்றுப் புண்ணுக்காக அவருக்கு இரைப்பையில் பாதியை வெட்டிவிட்டார்களாம். அதன்பிறகு எத்தனையோ கலியாணம், கந்தூரி. ஒருவருக்கும் தெரியாது. "கைதான் ஓடும். வாய்க்குப் போறது கொஞ்சம்" என்று சிரித்தார். அயோவாவில் மேசன் கவனித்த நோயாளிகளைப் போன்ற ஒருவர் நாற்பது வருஷமாக எங்கள் சஹன்களில் உட்கார்ந்திருந்திருக்கிறார்! மென்று விழுங்குகிற விதத்தையும் அவர்தான் சொல்லித்தந்தார். டொக்டர் ஒரு வாய்க்கு 30 தரம் மெல்லச் சொல்லியிருந்தார் என்றேன். "முப்பத்திமூணு ஆக்குங்க, தஸ்பீஹ் கணக்கு, மறக்காது" என்றார்.

இத்தோடு நிறுத்தினால் கதை நன்றாக இருக்கும். ஆனால் ஒரு வருஷம் கழித்து, 84 கிலோவில் நிறை அசையாமல் நின்றது. பிறகு ஏறத் தொடங்கியது. பசியின் ஊமைத்தனம் முடிந்துவிட்டது. அதோடு நான் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தேன். சோறு இறுகும், பாண் இறுகும், மாட்டிறைச்சி இறுகும். வட்டிலப்பம் இறுகாது. ஐஸ்கிரீமும் சீனி போட்ட தேத்தண்ணியும் இறுகாது. ஒடுங்கிய குழாயில் அவை வழுக்கிக்கொண்டு போய்விடும். வெட்டின கத்தி இனிப்புக்குக் காவல் இருக்காது. மரடோனா 2005 இல் கொலம்பியாவில் இந்த மாதிரி ஒரு ஒப்பரேஷன் செய்து மெலிந்து வந்து, பிறகு மறுபடி பருத்ததை வீட்டில் மகன் எனக்கு ஞாபகப்படுத்துவான்.

இதை உம்மாவும் கண்டுபிடித்திருந்தார். சோற்றில் நாலு வாய்க்குமேல் தின்னாத மகன் வட்டிலப்பம் ஒரு சோசர் நிறையத் தின்கிறான்! ஒவ்வொரு முறை நான் மூதூர் போகும்போதும் கித்துள் கருப்பட்டி தேடி வாங்கி, ஏலக்காய் இடித்து, அவித்து வைத்திருப்பார். நான் தின்னும்போது பக்கத்தில் இருந்து பார்ப்பார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நானும் தின்றேன். ஆறு கிலோ ஏறியது. அதில் உம்மாவின் வட்டிலப்பம் எவ்வளவு, கந்தோர் முடிந்து டச்சுக்குடாக் கடற்கரையில் நான் தனியாக நின்று தின்ற ஐஸ்கிரீம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்க விருப்பமில்லை. அங்கே கோட்டை மான்கள் வந்து கையைப் பார்த்து நிற்கும். அவையும் கிடைத்ததையெல்லாம் தின்னப் பழகிவிட்டவை, சோற்றுப் பார்சல் சுற்றின தாள் உட்பட.

2024 நோன்பு முழுவதையும் டொக்டரின் அனுமதியோடு பிடித்தேன். விட்டதில் இன்னும் பதினொன்று கழா இருக்கிறது. சீனி மறுபடி எட்டிப்பார்த்ததும் இந்த வருஷம்தான் உம்மாவிடம் வாய் திறந்தேன். சோறல்ல உம்மா, இந்த இனிப்புத்தான் என்னை மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுபோகிறது என்று. கடைசியாகத் தன் கையால் எனக்குள் இறங்கிக்கொண்டிருந்த ஒன்றையும் வேண்டாம் என்கிறேன் என்பது சொல்லும்போதே தெரிந்தது. உம்மா சோசரை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை.

போன கிழமை மூதூர் போனேன். அதே சோசரில் வட்டிலப்பம். நான் உம்மாவைப் பார்த்தேன்.

"முட்டையும் தேங்காப்பாலும்தான். சீனியும் இல்ல, கருப்பட்டியும் இல்ல. தின்னு."

வெளிறிப்போய், முட்டை மணக்க, ஒரு ருசியும் இல்லாமல் இருந்தது. ஒவ்வொரு கரண்டியையும் மெதுவாகத்தான் உள்ளே அனுப்பினேன். தும்மல் வருமட்டும் தின்றேன்.

"எப்பிடி?" என்றார் உம்மா.

"கொஞ்சம் ஏலக்காய் கூடப் போட்டிருக்கலாம்" என்றேன்.