முன் பிறேக்குக்குப் பயந்தவர்கள்

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் பழகிய எங்களுக்கு முதற்பாடமே, "முன் பிறேக்கைப் பிடியாதை, குப்புற விழுவாய்" என்பதுதான். ஒன்ராறியோவின் யூனியன்வில்லில் என் கராஜுக்கு மின் ஸ்கூட்டர் கொண்டுவரும் பிள்ளைகளுக்கும் அப்பாமார் அதையே சொல்லி வைத்திருக்கிறார்கள். இரண்டு சில்லிலும் டிஸ்க் பிறேக் உள்ள வண்டியென்றால் பின் பிறேக்கின் கட்டை தகடு தெரியத் தேய்ந்திருக்கும்; முன் கட்டை கடையில் வாங்கியபடி இருக்கும்.

பிறேக் பிடித்த கணத்தில் பாரம் முன் சில்லுக்குப் போகிறது. பின் சில்லு இலேசாகி இழுபடும். வண்டியை நிறுத்துவது முன்னது. அப்பாமாரிலும் பிழையில்லை. எட்டரை அங்குலச் சில்லில் ஆள் நெடுக நின்றபடி சடாரென்று பிடித்தால் கவிழத்தான் செய்யும். முழங்காலை மடித்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு விரலால் மெல்ல மெல்ல இறுக்க வேண்டும்.

எந்த வகைப் பிறேக் நல்லது அண்ணை என்று கேட்டால் டிரம் என்பேன். நைன்பாட் மாக்ஸ் ஜி30 ஸ்கூட்டரில் முன்னுக்கு அதுதான். டிஸ்க் கூர்மையாகப் பிடிக்கும், ஹைட்ரோலிக் என்றால் கைக்கு இன்னும் சுகம். ஆனால் இங்கே குளிர்காலத்தில் தெருவெல்லாம் உப்பு. துடையாமல் விட்டால் டிஸ்க் தட்டில் கறள் ஏறும், கலிப்பர் இறுகும். டிரம்முக்குள் உப்புத்தண்ணீர் இலேசில் போகாது. உள்ளே கட்டை தேய்வது கண்ணுக்குத் தெரியாது என்பது மட்டும் அதன் குறை. கேபிள் திருகை எவ்வளவு திருகியும் பிடி கைப்பிடியில் முட்டினால் கட்டை முடிந்தது என்று எடுங்கள்.

ஒன்ராறியோவில் 2020 இல் தொடங்கிய பரீட்சார்த்த விதிகளின்படி மின் ஸ்கூட்டருக்கு வேக எல்லை மணிக்கு 24 கிலோமீட்டர்தான். அதுவும் நகரசபை அனுமதித்த இடங்களில் மட்டும். ரொறன்ரோ 2021 இல் அனுமதி மறுத்துவிட்டது. 24 தானே என்று பிறேக்கைக் கவனியாமல் விடுகிறவர்கள் இலையுதிர்காலத்தில் இங்குள்ள டூகுட் குளத்தடியில் ஈர இலைமேல் ஒருமுறை பிடித்துப் பார்க்கலாம்.

இந்த வேலையைத் தொடங்கிய காலத்தில் நானும் கீச்சிட்ட ஒரு டிஸ்க்குக்கு எண்ணெய் ஸ்பிரே அடித்தேன். கீச்சும் போனது, பிறேக்கும் போனது. எண்ணெய் குடித்த கட்டையை எறிந்துவிட்டு, தட்டை அல்ககோலால் துடைத்துப் புதுக்கட்டை போட்டேன். காசு என்னுடையது.

வெளிக்கிட முன், முன் பிறேக்கை இறுக்கிப் பிடித்து வண்டியை முன்னுக்குத் தள்ளிப் பாருங்கள். பின் சில்லு எழும்ப வேண்டும். முன் சில்லு உருண்டால் அன்றைக்கு நடந்து போங்கள்.