அட்டவணையைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்

கலகெதரப் பக்கம் பல காணிகளுக்கு இரண்டு பெயர். ஊரார் வாயில் அது 'பள்ளிக்குப் பின்வளவு'. உறுதியில் அது 'கொஸ்கஹமுல ஹேன'. அடுத்து வந்த உறுதியில் 'கொஸ்கஹமுல ஹேன, தற்போது வத்த' என்றிருக்கும். சேனையாகக் கிடந்த நிலம் மிளகும் கராம்பும் பாக்கும் நிற்கும் தோட்டமானபோது பெயரும் மாறியது. அந்த மாற்றத்தை விடாமல் எழுதிய உறுதி பதிவில் நிற்கும். விட்டுவிட்ட உறுதி, காசு கொடுத்து வாங்கியவரையே பின்னொரு நாள் நீதிமன்றப் படி ஏற வைக்கும்.

நொத்தாரிசாக உறுதி எழுதிவரும் எனக்கு இந்தத் தொழில் கற்பித்தது இதுதான்: காணி வழக்குகளில் பெரும்பாலானவை உறுதியின் கடைசியில் வரும் அட்டவணையில் பிறக்கின்றன. விலை, பெயர், கையெழுத்து எல்லாவற்றையும் கவனமாகப் பார்ப்பவர்கள் அட்டவணையை மட்டும் தட்டிவிட்டுப் போகிறார்கள். காணியின் பெயர், கிராமம், நான்கு எல்லை, பரப்பு, பதிவேட்டு இலக்கம் இவ்வளவும் அங்கேதான் இருக்கின்றன. காணி என்பது சட்டத்தின் கண்ணில் அந்த ஒரு பந்திதான்.

முதலில் உறுதி முடிப்பதற்கும் பதிவதற்கும் உள்ள வேறுபாடு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணிக் கைமாற்றம் நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் எழுத்தில் நடக்க வேண்டும். மூலப்பிரதி உங்களிடம் வரும், இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும், மூன்றாவது நொத்தாரிசின் கோவையில் இருக்கும். ஒரு மாதத்தில் முடித்த உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் ஒப்படைப்பது எங்கள் கடமை. இதைக் கேள்விப்பட்டவர்கள் "பதிவும் ஆயிற்று" என்று நினைத்துவிடுகிறார்கள். பிரதி போவது வேறு, காணியின் பக்கத்தில் உறுதி பதிவாவது வேறு. பதிவு இலக்கம் முத்திரையோடு உங்கள் மூலப்பிரதியில் ஏறி வந்ததா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம் இந்த இடத்தில் கண்டிப்பானது. நீங்கள் முதலில் வாங்கிப் பதியாமல் வைத்திருந்து, அதே விற்பனையாளரிடம் இன்னொருவர் பெறுமதி கொடுத்து வாங்கி முதலில் பதிந்துவிட்டால், முன்னுரிமை அவருக்கே. மோசடியோ கூட்டுச்சதியோ நடந்ததென்று நிரூபித்தால்தான் நீங்கள் தப்பலாம். அதை நிரூபிப்பது எத்தனை பாடு என்பது வழக்காடியவர்களுக்குத் தெரியும். ஆகவே உறுதியை அலுமாரியில் பூட்டுவதற்கு முன்னால் பதிவு முடிய வேண்டும்.

பதிவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒவ்வொரு காணிக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம் உண்டு. நாங்கள் அதை ஃபோலியோ என்போம். பக்கம் நிறைந்தால் அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோய், முன்னும் பின்னும் இலக்கம் போட்டு இணைப்பார்கள். புதிய உறுதி இந்தத் தொடரில்தான் விழ வேண்டும். காணியின் பெயரை ஊர் வழக்கில் எழுதி, பழைய இலக்கத்தைக் குறிப்பிடாமல் கொடுத்தால் பதிவகம் புதுப் பக்கம் திறந்துவிடக்கூடும். தவறான பக்கத்தில் பதிந்த உறுதி, பதிந்ததன் பலனைத் தராது. பழைய பக்கத்தில் வேறொருவர் பின்னால் பதிந்தால், அவர் கை ஓங்கும்.

அதனால் வாங்குவதற்கு முன்னால் கண்டி காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்வதை எவரும் செலவென்று எண்ணக்கூடாது. குறைந்தது 30 வருடப் பதிவுகளைப் பார்ப்பது எங்கள் தொழில் வழக்கம். அடமானம், குத்தகை, வழக்குப் பதிவு, பழைய நன்கொடை எல்லாம் அந்தப் பக்கங்களில் வரிசையாக இருக்கும். விற்பவர் காட்டும் உறுதியில் உள்ள இலக்கமும் பதிவேட்டின் இலக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே முற்பணம் கொடுங்கள்.

அடுத்தது பரப்பு. கண்டி நாட்டுப் பழைய உறுதிகள் ஏக்கரில் பேசுவதில்லை. அமுணம், பெல, லாஹ என்று விதைநெல்லின் அளவில் பேசும். ஒரு அமுணம் 4 பெல, ஒரு பெல 10 லாஹ. இவை விதைக்கும் அளவு என்பதால் மண்ணைப் பொறுத்தும் பயிரைப் பொறுத்தும் நிலப்பரப்பு மாறும். நெல் விதைக்கும் லாஹவும் குரக்கன் விதைக்கும் லாஹவும் ஒரே பரப்பல்ல. இதை வாய்ப்பாடு போட்டு ஏக்கராக்கி எழுதுவது தவறு. உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளந்து, பழைய அளவையும் புதிய படத்தின் ஏக்கர், ரூட், பேர்ச் கணக்கையும் அட்டவணையில் சேர்த்தே எழுத வேண்டும். நில அளவைப் படம் கையில் இருந்தால் காணி தனது என்று நினைப்பவர்களும் உண்டு. படம் நிலத்தின் உருவத்தைக் காட்டும், உரிமையைக் காட்டாது.

இந்தப் பகுதியின் பெரிய சிக்கல் பிரிபடாத பங்கு. பாட்டனின் ஒரு ஏக்கர் 160 பேர்ச். நான்கு பிள்ளைகளுக்குச் சமமாக நாலிலொன்று. அதில் ஒருவருக்கு ஐந்து பிள்ளைகள் என்றால் ஒவ்வொருவருக்கும் இருபதிலொன்று, அதாவது 8 பேர்ச் பெறுமதியான பங்கு. முஸ்லிம் குடும்பமானால் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்று பின்னமே வேறாகும். அந்த இருபதிலொன்றுக்காரர் ஒரு மூலையில் வேலி போட்டு வீடு கட்டி 30 வருடம் இருந்திருப்பார். பிறகு அந்த மூலையைத் தனிக் காணியாக எழுதி விற்க வருவார். அவர் கையில் இருப்பது முழுக் காணியிலும் இருபதிலொன்று. அதையே எழுதலாம். தனித் துண்டாக வேண்டுமானால் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்திட்டுப் பங்கீட்டு உறுதி முடிக்க வேண்டும். ஒருவராவது மறுத்தால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும். வழக்கு நீளும். ஆனால் அந்தத் தீர்ப்பாணை உலகம் முழுவதையும் கட்டும்.

நன்கொடை உறுதியில் இன்னும் கவனம் வேண்டும். கலகெதரக் கடைவீதியில் பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் மூவருக்கு மூன்று சட்டம் பொருந்தலாம். கண்டியச் சட்டத்தின் கீழ் வருபவர் கொடுத்த நன்கொடையை, சில விதிவிலக்குகள் தவிர, தம் வாழ்நாளில் திரும்பப் பெறலாம். அந்த உரிமையைத் துறப்பதாக உறுதியில் வெளிப்படையாக எழுதியிருந்தால் முடியாது. இது 1938ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மீளப்பெற முடியாதது என்று உறுதியிலேயே சொல்லியிருந்தால்தான் நன்கொடை மீளப்பெற முடியாதது என்கிறது. தமிழர்களுக்குப் பெரும்பாலும் பொதுச் சட்டம். அதில் பெறுபவர் நன்கொடையை ஏற்றிருக்க வேண்டும். மகளுக்கு எழுதிய வீடு மகளிடமே நிற்குமா என்பது ஒரு வாக்கியத்தில் தங்கியிருக்கிறது. நன்கொடையாகக் கிடைத்த காணியை வாங்குபவரும் அந்த வாக்கியத்தைத் தேடிப் படிக்க வேண்டும்.

அரச காணிக்கு இந்த வழியே செல்லாது. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப் பத்திரக் காணியையும் அளிப்புப் பத்திரக் காணியையும் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் கைமாற்றினால் அது செல்லாது. கலகெதரயில் உள்ளவர்களுக்கு அது தும்பனே பிரதேச செயலகம். பின்னுரித்தாளரை நியமித்துப் பதிந்து வைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

2007இல் தொடங்கிய 'பிம்சவிய' உரித்துப் பதிவுத் திட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம் உறுதிகளை மட்டும் பதிவதில்லை, உரிமையையே பதிகிறது. ஒரு பிரதேசத்தில் அளவை நடந்து அறிவித்தல் வரும்போது உறுதி, படம், வரி ரசீது, பிறப்பு இறப்புச் சான்றிதழ்களோடு உரிமைகோரலைக் கொடுக்க வேண்டும். இங்கே மூன்று தவறு நடக்கிறது: எல்லை காட்டும் நாளில் போகாமல் விடுவது, மூத்த அண்ணனின் பெயரை மட்டும் கொடுத்துவிட்டுச் சகோதரிகளை விட்டுவிடுவது, வெளிநாட்டில் இருக்கும் பங்காளிக்குச் செய்தி சொல்லாமல் இருப்பது. முதலாம் வகுப்புச் சான்றிதழ் முழு உரிமை, இரண்டாம் வகுப்பு அதற்குக் கீழே. ஒருமுறை பதிவாகிவிட்டால் பெட்டியில் உள்ள பழைய உறுதியை நீட்டி வெல்ல முடியாது.

கடைசியாகப் பெயரும் மொழியும். அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று, வாப்பாவின் உறுதியில் வேறொன்று என்றால், இன்னார்தான் இவர் என்று சத்தியக் கடதாசி முடித்து உறுதியில் இரண்டு பெயரையும் எழுதச் சொல்லுங்கள். நம் பகுதியில் உறுதிகள் பெரும்பாலும் சிங்களத்தில், பழையவை ஆங்கிலத்தில். புரியாத மொழியில் உள்ளதைத் தமிழில் வாசித்து விளக்கச் சொல்வது உங்கள் உரிமை. அப்படிக் கேட்பவரைக் கண்டு நல்ல நொத்தாரிசு எவரும் முகம் சுளிக்க மாட்டார்.

வாழ்நாள் உழைப்பைப் போட்டு வாங்கும் காணிக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். பேனாவை எடுப்பதற்கு முன்னால் அட்டவணையைத் திறந்து, காணியின் பெயர், எல்லை, பரப்பு, பங்கு, பதிவேட்டு இலக்கம் ஐந்தையும் பழைய உறுதியோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் அன்றைக்குக் கையெழுத்திடாதீர்கள்.