கதவு திறந்தது, ஆசிரியர் வெளியேறினார்



அமெரிக்கக் கல்வி வரலாற்றில் 1954ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் பொன்னாளாகப் போற்றப்படுகிறது. அரசுப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளைப் பிரித்து வைப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்த நாள் அது. பிரவுன் வழக்கு என்று அதனைக் குறிப்பிடுவர். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்றபோது, அத்தீர்ப்பைச் சமத்துவக் கல்வியின் வெற்றியாகவே நான் கற்றேன். வெற்றிதான், ஐயமில்லை. அதன்பின் நிகழ்ந்ததைப் பல ஆண்டுகள் கழித்தே படித்தறிந்தேன். ஓர் ஆசிரியை என்ற முறையில் அது என் மனத்தை மிகவும் வாட்டியது.

தீர்ப்புக்கு முன்னர், தென் மாநிலங்களின் கறுப்பினப் பள்ளிகள் வறுமையில் வாடின. வெள்ளையர் பள்ளிகள் கழித்துவிட்ட பழைய பாடநூல்களே பல பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தன. வெர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்டு வட்டாரத்தில் இடமின்றித் தார்த்தாள் கொட்டகைகளில் வகுப்புகள் நடந்தன. 1951இல், 16 வயது மாணவி பார்பரா ஜான்ஸ் அங்கே மாணவர்களைத் திரட்டி வகுப்புகளைப் புறக்கணித்தார். அதிலிருந்து எழுந்த வழக்கும் பிரவுன் வழக்கோடு இணைக்கப்பட்டது.

ஆயினும், அப்பள்ளிகளுக்கு ஒரு செல்வம் இருந்தது. பிற உயர்பணிகளில் இடம் கிடைக்காமையால், நன்கு கற்ற கறுப்பினத்தார் பலர் ஆசிரியப் பணிக்கே வந்தனர். பிள்ளைகளின் பெற்றோரையும் வீட்டு நிலையையும் அறிந்தவர்கள் அவர்கள்.

தீர்ப்புக்குப் பின் பள்ளிகள் இணைக்கப்பட்டபோது, மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகளே. பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. அவர்தம் ஆசிரியர்களுக்குக் கிடைக்கவில்லை. தம் பிள்ளைகளுக்குக் கறுப்பினத்தார் பாடம் நடத்துவதை வெள்ளையினப் பெற்றோர் பலர் விரும்பவில்லை. 1954 முதல் 1965 வரை 17 மாநிலங்களில் ஏறத்தாழ 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் பணியிழந்தனர் என்பது கல்வி ஆய்வாளர்களின் கணக்கு. பிரின்ஸ் எட்வர்டு வட்டாரமோ, 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகள் அனைத்தையும் மூடியே விட்டது. வெள்ளையினப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி அமைந்தது. கறுப்பினப் பிள்ளைகள் பலர் அவ்வைந்தாண்டுகளில் பள்ளிப் படியையே மிதிக்கவில்லை.

பெற்றோர்களே, பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் தேர்ச்சி விழுக்காட்டையும் பார்க்கிறோம். அவற்றோடு, நம் பிள்ளையின் வீட்டையும் பேச்சையும் அறிந்த ஒருவர் அங்கே கரும்பலகையின் முன் நிற்கிறாரா என்பதையும் கேட்டறிவோம். சக ஆசிரியர்களே, அந்த ஒருவராக இருப்பதன் அருமையை, பணியிழந்த அந்த 38,000 பேரை நினைக்கும்போதெல்லாம் நான் உணர்கிறேன்.