என் பெயருக்கு ஓர் அட்டை

வாசக சகோதரிகளே, உங்கள் கைப்பையை ஒருமுறை திறந்து பாருங்கள். பல் வைத்தியருடையது ஒன்று, தளபாடக் கடைக்காரருடையது ஒன்று, யாருடையதென்றே நினைவில்லாதது ஒன்று என நாலைந்து விசிட்டிங் கார்டுகளாவது அதில் கிடக்கும். அப்படியான அட்டைகளைப் பிறருக்காக வடிவமைத்தே பதினொரு வருடங்களைக் கழித்தவள் நான். ஆனால் எனக்கென்று ஒன்றைச் செய்ய உட்கார்ந்தபோது மூன்று வாரங்கள் போய்விட்டன.

2022 ஆம் ஆண்டு நம் நாட்டில் கடதாசி இல்லாமல் பாடசாலைப் பரீட்சைகள்கூடப் பிற்போடப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நான் வேலை பார்த்த அச்சகத்திலும் இயந்திரங்கள் ஓய்ந்தன. நிறுத்தப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. வீட்டு முன்னறையில் பழைய கொம்பியூட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு சுயாதீனமாக வேலை செய்யத் தொடங்கினேன். தெரிந்தவர்கள் வேலை தந்தார்கள். தெரியாதவர்களும் தரவேண்டுமென்றால் கையில் அட்டை வேண்டும் என்றார் நானா. வட்ஸ்அப் இருக்கும்போது அட்டை எதற்கு என்று கேட்பீர்கள். கல்யாண வீட்டுச் சத்தத்துக்குள் பத்து இலக்கங்களைச் சொல்லி எழுதவைத்துப் பாருங்கள், புரியும்.

மூன்றரை அங்குல நீளம், இரண்டு அங்குல அகலம். அவ்வளவுதான் இடம். முதல் மாதிரியில் கல்யாணக் கார்ட், புத்தக அட்டை, பெனர், பெயர்ப்பலகை, கடைப் பை என்று தெரிந்த தொழிலையெல்லாம் ஒன்பது வரிகளில் அடைத்தேன். வாடிக்கையாளர் எவராவது இப்படிக் கேட்டிருந்தால், "கொஞ்சம் வெற்றிடம் விடுங்கள் சேர்" என்று பாடம் நடத்தியிருப்பேன். தொலைபேசி இலக்கம் நானாவுடையது. என் பெயரை வாப்பாவின் முதலெழுத்துகளோடு அடியில் ஒரு மூலையில் போட்டிருந்தேன்.

உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை நெடுநேரம் பார்த்தார். "எல்லாம் இரிக்கி. உண்ட பேரு எங்க மகள்?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. முன்பின் தெரியாதவர்கள் இரவில் எடுத்துத் தொந்தரவு தருவார்களோ என்ற பயம்தான் காரணம் என்று பிறகு சொன்னேன். அந்தப் பயம் பொய்யில்லை, உங்களுக்கும் தெரியும். ஆனாலும் வேலைக்கென்று தனியாக ஒரு சிம் வாங்கினால் இரவு எட்டு மணிக்கு அதை அணைத்துவிடலாம். வீட்டு இலக்கத்தை விட்டு ஊர்ப் பெயரை மட்டும் போடலாம். இவ்வளவு சுலபமான வழி இருந்தும், என் பெயரைப் பெரிதாக எழுத என் கையே கூசியது என்பதுதான் உண்மை.

ஒன்பது வரிகளும் போயின. என் பெயர் நடுவில் வந்தது. கீழே "வடிவமைப்பாளர்" என்ற ஒரே சொல். அதுவே அட்டையின் பாதி நீளத்தைப் பிடித்துக்கொண்டது! தமிழை ஆறு பொயின்ற் அளவுக்குச் சிறிதாக்கினால் புள்ளிகள் மறைந்து, 'ன்' எல்லாம் 'ன' ஆகிவிடும். ஆகவே எட்டுக்குக் கீழே நான் இறங்கவில்லை. மறுபக்கத்தில் சிங்களமும் ஆங்கிலமும். வெட்டும்போது கத்தி சற்று விலகினால் வெள்ளைக் கோடு விழும் என்பதால் பின்னணி நிறத்தை ஓரத்துக்கு வெளியே மூன்று மில்லிமீற்றர் நீட்டினேன். முந்நூறு ஜீ.எஸ்.எம். அட்டை, பளபளப்பு வேண்டாம், ஐந்நூறு பிரதிகள்.

வேறோர் அச்சகத்துக்கு அனுப்பினேன். மாதிரித் தாளைப் பார்க்க வரச் சொன்னார்கள். என் வேலைதானே என்ற நினைப்பில் நான் போகவில்லை.

பெட்டியைத் திறந்தபோது சிங்களப் பக்கம் கண்ணாடிபோல் இருந்தது. தமிழ்ப் பக்கத்தில் ஒரு தமிழெழுத்தும் இல்லை. நான் பயன்படுத்தியது பாமினி எழுத்துரு. அது இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் ஒவ்வொரு தமிழெழுத்தும் அதன் விசைக்குரிய ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். 'உம்மா' என்பது சி, கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று நிற்கும். என் பெயரும் அப்படித்தான் நின்றது. அங்கிருந்த பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? அனுப்பும் முன் எழுத்துகளைக் கோடுகளாக மாற்றியிருந்தால் எந்தக் கொம்பியூட்டரிலும் அவை குலையா. கோரல்ட்ரோவில் ஒரே ஒரு கட்டளை அது. பதினொரு வருடங்களாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை எனக்கே செய்துகொள்ளவில்லை.

எங்கள் வீட்டு இரண்டு மாத மின்கட்டணம் அந்தப் பெட்டிக்குள் கிடந்தது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை. அடுத்த மாதம், நானாவிடம் கடன் வாங்கி, நூறு மட்டும் அடித்தேன். இம்முறை மாதிரித் தாளை நேரில் போய்ப் பார்த்து, ஒவ்வோர் இலக்கமாக விரல் வைத்து வாசித்த பிறகே கையெழுத்திட்டேன்.

குலைந்த அட்டைகளில் உம்மா இன்னும் சாமான் பட்டியல் எழுதுகின்றார்.

புதியதில் ஒன்று ஒரு கல்யாண வீட்டில் கைமாறி எப்படியோ மாவனல்லைக்குப் போயிருக்கின்றது. ஒரு சனிக்கிழமை காலை அந்தத் தனி சிம் ஒலித்தது. மகளுடைய கல்யாணக் கார்ட் விடயமாக ஒரு தாய். என் பெயரைச் சரியாக உச்சரித்துவிட்டு, "கார்ட் செய்யிறது நீங்க தானா, இல்லாட்டி மாப்பிள்ளையா?" என்று கேட்டார்.

"நான்தான் தாத்தா" என்றேன்.