தட்டுற சத்தம் நல்லது!

சேந்தமங்கலத்தில் அந்த வீட்டு வாசலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய இரும்பு வியாபாரி வந்தார். தார்ப்பாயைத் தூக்கி வண்டியைச் சுற்றிப் பார்த்தார். டேங்க்கை விரலால் ஒரு தட்டு தட்டினார்.

''ஒம்பதாயிரம் தர்றேனுங்க.''

திண்ணையில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் வண்டிப் பக்கம் திரும்பக்கூட இல்லை. ''குடுத்துருங்க'' என்றார்.

உள்ளேயிருந்து ஓடிவந்தாள் மகள். ''அப்பா, ஒரு மாசம் டைம் குடுங்க. நான் ஓட வெச்சுக் காட்டுறேன்.''

''உன் இஷ்டம் அம்மணி.'' அதற்கு மேல் அவர் பேசவில்லை.

அது 2012-ல் வாங்கிய ஹீரோ இம்பல்ஸ். 2011-ல் அறிமுகமான 150 சிசி வண்டி. ஒரே சிலிண்டர், உயரமான சஸ்பென்ஷன், முன்னால் 19 இன்ச், பின்னால் 17 இன்ச் ஸ்போக்ஸ் சக்கரம். தார் ரோட்டிலும் போகும், கல்லும் மண்ணுமான பாதையிலும் போகும். கொல்லிமலை மேலே அரசுப் பள்ளியில் வேலை பார்த்த வாத்தியாருக்கு அப்படியொரு வண்டிதான் தேவைப்பட்டது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போன பிறகு பள்ளிக்கூடம் வரைக்கும் மண் பாதை. 2019-ல் ஓய்வு பெறும் வரை, மழைக்காலத்திலும் அந்த வண்டியில்தான் போய் வந்தார்.

2023-ல் ஒருநாள் காலையில் காபி டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. பக்கவாதம். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதால் பேச்சு தப்பித்தது. நடையும் மெல்ல மெல்லத் திரும்பியது. வலது கைக்கு மட்டும் பழைய பலம் வரவில்லை. ஆக்ஸிலேட்டரும் முன் பிரேக்கும் வலது கையில்தானே? வண்டி தார்ப்பாய்க்குள் போனது. அதற்குப் பிறகு 14 மாதம் யாரும் அதைத் தொடவில்லை.

ஓடாத வண்டிதான் சீக்கிரம் கெடும்

வண்டியை ஓட்டாமல் வைத்திருந்தால் தேயாது என்று பலர் நினைக்கிறோம். உண்மையில், சும்மா நிற்கிற வண்டிதான் சீக்கிரம் வீணாகும். மகளுக்கு அது முதல் வாரத்திலேயே புரிந்தது.

பேட்டரி செத்துப்போயிருந்தது. டியூப் இரண்டிலும் காற்று இல்லை. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால், எலி கொண்டுவந்து அடைத்த பஞ்சு. டேங்க்கில் மிச்சமிருந்த பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறியது. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் அப்படியே கிடந்தால் டேங்க்கின் உள்பக்கம் துருப்பிடிக்கும். கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் ஆவியாகி, கோந்து மாதிரி ஒரு படிவத்தை விட்டுவிட்டுப் போகும்.

அந்தக் கோந்து முதலில் அடைப்பது பைலட் ஜெட்டை. ஐடிலிங்கில் இன்ஜினுக்குப் பெட்ரோல் தருகிற சின்னப் பித்தளைத் துண்டு அது. நடுவில் இருக்கும் ஓட்டை தலைமுடி கனம்தான். மகள் அதைக் கழற்றி, குண்டூசியை எடுத்தபோது திண்ணையிலிருந்து குரல் வந்தது.

''ஊசி போடாத. ஓட்டை பெருசாயிரும்.''

ஒரு வாரத்தில் அவர் வண்டியைப் பற்றிப் பேசிய முதல் வார்த்தை அது. கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயில் ஊறவைத்து, பஞ்சர் கடையில் காற்றடித்து ஜெட்டைச் சுத்தம் செய்தாள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது நடுவில் ஒரு புள்ளி வானம் தெரிந்தது.

ஒரு நாள் 10 நம்பர் ஸ்பேனரைத் தேடி அப்பாவின் டூல்ஸ் பெட்டியைக் கிளறினாள். அடியில், எண்ணெய்த் துணிக்குள் சுருட்டி வைத்த மஞ்சள் ரப்பர் பந்து கிடந்தது. தினமும் வலது கையால் அழுத்திப் பழகச் சொல்லி பிசியோதெரபிஸ்ட் கொடுத்த பந்து. அதில் தூசு படிந்திருந்தது. அவள் எதுவும் கேட்கவில்லை. திரும்ப அங்கேயே வைத்துவிட்டாள்.

''சத்தமே இல்லீங்கப்பா!''

மூன்றாவது வாரம், புது பெட்ரோல், புது ஸ்பார்க் பிளக், புது இன்ஜின் ஆயில். ஏழெட்டு கிக்குக்குப் பிறகு வண்டி உயிர் பிடித்தது. தெருவே திரும்பிப் பார்த்தது. அம்மா கைதட்டினாள்.

''சத்தமே இல்லீங்கப்பா! தையல் மெஷின் கணக்கா ஓடுது பாருங்க!''

வாத்தியார் தலையைச் சாய்த்துக் கேட்டார். முகத்தில் சிரிப்பு வரவில்லை.

பத்து நிமிடத்தில் வண்டி நன்றாகச் சூடேறியது. தெருமுனை வரை போய்த் திரும்பும்போது அணைந்தது. மறுபடி கிக் அடித்தால் காற்றில் மிதிப்பது போல இருந்தது, காலுக்கு எதிர்ப்பே இல்லை. அரை மணி நேரம் ஆறவிட்டு அடித்தால் உடனே ஸ்டார்ட் ஆனது. மறுநாளும் அதே கதைதான். கார்புரேட்டரை இன்னொரு முறை கழற்றிப் பார்த்தாள். அதில் ஒரு குறையும் இல்லை.

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது வாத்தியார் தானாகவே ஆரம்பித்தார். ''டேப்பட்டைப் பாரு. சத்தம் வரலேன்னு நீ சந்தோஷப்படுற. எனக்கு அதுதான் பயம்.''

பிறகு வகுப்பெடுப்பது போல விளக்கினார். இன்ஜின் தலையில் இரண்டு வால்வு. ஒன்று பெட்ரோலும் காற்றும் உள்ளே வர, இன்னொன்று புகை வெளியே போக. வால்வுக்கும் அதை அமுக்குகிற ராக்கருக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன இடைவெளி இருக்க வேண்டும். சூட்டில் வால்வு கொஞ்சம் நீளும். அந்த நீட்சிக்கு விட்ட இடம்தான் அது. இடைவெளி இருந்தால், ராக்கர் வந்து தொடும்போது 'டிக் டிக்' என்று லேசாகத் தட்டும்.

வால்வு உட்காரும் இடம் நாளாக நாளாகத் தேயும். தேயத் தேய இடைவெளி குறைந்து, தட்டுகிற சத்தமும் அடங்கும். வெளியே கேட்பவருக்கு இன்ஜின் அமைதியாக ஓடுகிறது என்றுதான் தோன்றும். உள்ளே, சூடானதும் வால்வு முழுதாக மூட முடியாமல் தவிக்கும். மூடியிருக்கும் நேரத்தில்தான் வால்வு தன் சூட்டை இன்ஜின் தலைக்கு இறக்கும். அதற்கு வழியில்லாவிட்டால், நெருப்புக் காற்று சந்து வழியாகக் கசிந்து கசிந்து வால்வின் ஓரமே கருகும். கம்ப்ரஷனும் போகும். நாலு சிலிண்டர் வண்டியில் ஒன்று படுத்தாலும் மற்ற மூன்றும் இழுத்துக்கொண்டு போகும். இதில் இருப்பது ஒன்றுதான்.

''தட்டுற டேப்பட் வண்டியை நடுவழியில விடாது. தட்டாததுதான் விடும்'' என்று முடித்தார்.

மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் சாம்பாரில் உப்பு கூடினால் வீடே அதிரும். இப்போது எது வைத்தாலும் சாப்பிடுகிறார். விசாரிக்க வரும் சொந்தக்காரர்களிடம் அம்மா ஒரே பதிலைச் சொல்வாள்: ''அவரால ஒரு தொந்தரவும் இல்லீங்க. எதுவுமே கேக்குறதில்ல.''

எல்லோரும் அதை நல்ல செய்தியாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு கை போதாத வேலை

அடுத்த ஞாயிறு மெக்கானிக் ஃபில்லர் கேஜுடன் வந்தார். கொல்லிமலையில் வாத்தியாரிடம் படித்தவர். இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போதுதான் டேப்பட் பார்க்க வேண்டும் என்பதால் காலை ஆறு மணிக்கே வரச் சொல்லியிருந்தார் வாத்தியார்.

பிளக்கைக் கழற்றி, மேக்னெட் மூடியின் சின்ன ஓட்டை வழியாக 'டி' குறி தெரியும் வரை இன்ஜினை மெல்லச் சுற்றினார்கள். அந்த நேரத்தில் இரண்டு ராக்கரும் விரலுக்கு லேசாக ஆட வேண்டும். பெட்ரோல் வருகிற பக்கம் ஆடியது. புகை போகிற பக்கம் அசையவே இல்லை. கேஜின் மிக மெல்லிய தகடுகூட உள்ளே நுழையவில்லை.

''ஐயா சொன்னது சரிங்க. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஓட்டியிருந்தா வால்வு கருகியிருக்கும்'' என்றார் மெக்கானிக்.

டேப்பட் வைப்பதில் ஒரு தொல்லை உண்டு. அளவு வைத்துவிட்டு லாக் நட்டை இறுக்கும்போது, ஸ்க்ரூவும் கூடவே திரும்பிவிடும். ஒருவர் ஸ்க்ரூவை அசையாமல் பிடிக்க வேண்டும். மெக்கானிக் கை நீட்டியபோது மகள் தடுத்தாள்.

''அண்ணா, நீங்க இருங்க. அப்பா பிடிக்கட்டும்.''

வாத்தியார் இடது கையை நீட்டினார்.

''அந்தக் கை இல்லீங்கப்பா.''

யாரும் பேசவில்லை. அவர் வலது கையால் ஸ்க்ரூ டிரைவரை வாங்கினார். விரல்கள் நடுங்கின. இடது கையை மேலே வைத்து அணைத்துக்கொண்டார். முதல் முறை ஸ்க்ரூ திரும்பிவிட்டது. இரண்டாவது முறையும் திரும்பியது. மூன்றாவது முறை நட்டு இறுகியது. தகடு லேசான உரசலோடு போய் வந்தது. மேனுவலில் போட்டிருக்கும் அளவு.

''பந்தை ஏங்கப்பா ஒளிச்சு வெச்சீங்க?'' அவள் அப்போதுதான் கேட்டாள்.

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. ''அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். ஒண்ணும் ஆகல. சொன்னா உங்கம்மா அழுவா. அதான் சொல்லல.''

''அழட்டுமே. டாக்டரையாவது பார்த்திருக்கலாம்ல?''

மறுநாளே பிசியோதெரபிஸ்டிடம் போனார்கள். முறையாகப் பயிற்சி செய்தால் இன்னும் முன்னேற்றம் வர வாய்ப்பிருக்கிறது என்று சொல்லி, பயிற்சியை மாற்றிக் கொடுத்தார். மஞ்சள் பந்து இப்போது திண்ணையில்தான் கிடக்கிறது.

வண்டி ஓடுகிறது. லேசாகத் தட்டிக்கொண்டே ஓடுகிறது. வாத்தியார் இனி அதை ஓட்ட முடியுமா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. ஞாயிறு காலைகளில் மகள்தான் காரவள்ளி வரை போய் வருகிறாள். கிளம்பும் முன் அப்பா சொல்லிக் கொடுத்தபடி ஸ்போக்ஸை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தட்டிப் பார்க்கிறாள். இறுக்கமான கம்பி 'ணிங்' என்று பாடும், தளர்ந்தது 'டப்' என்று அமுங்கும்.

போன வாரம் அவள் திரும்பி வந்து வண்டியை நிறுத்தும் முன்பே திண்ணையிலிருந்து அதட்டல் கேட்டது.

''செயின் லூஸா இருக்கு, இங்க வரைக்கும் கேக்குது! ஒரே இடத்துல பார்த்து இறுக்காத. சக்கரத்தைச் சுத்திச் சுத்தி நாலு இடத்துல பாரு. அப்புறம் உங்கம்மாகிட்ட சொல்லு, இன்னிக்கு சாம்பார்ல உப்பு அள்ளிப் போட்டிருக்கா!''

சமையலறையில் அம்மா சிரிப்பது வாசல் வரை கேட்டது.